"கேஸ் ட்ரபிள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



மனநலம் பற்றிப் பேச ஒரு டாக்டரை அழைக்கலாம் என்றுதான் செயற்குழுவில் முடிவானது. நான்தான் "முதலில் நான் பேசுகிறேன், டாக்டர் அடுத்த முறை வரட்டும்" என்றேன். நான் ஓய்வுபெற்ற கணக்காளர். இந்த விஷயத்தில் என் தகுதி ஒன்றே ஒன்று: நான் நோயாளியாக இருந்தவன்.

ஓய்வுபெற்ற அடுத்த வருடம் அது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கம் கிடையாது. காபி ருசிக்காது. பேப்பரைக் கையில் எடுத்தால் ஒரே வரியை நாலு தடவை படிப்பேன். நெஞ்சு படபடக்கும். இரண்டு முறை ஈசிஜி எடுத்தேன், இரண்டும் நார்மல். யார் கேட்டாலும் "ஒண்ணுமில்லை, கேஸ் ட்ரபிள்" என்பேன். நம்மில் பலர் மனக்கஷ்டத்தை வயிற்று வலியாகவும் தலைவலியாகவும்தான் சொல்கிறோம். அப்படிச் சொல்வதில் வெட்கம் இல்லை பாருங்கள்.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் நாம் "ஸ்ட்ரெஸ்" என்றே சொல்லிவிடுகிறோம்.

மன அழுத்தம் என்பது வெளியிலிருந்து வரும் பாரம். பிள்ளையின் பொதுத்தேர்வு, வீட்டுக் கடன் தவணை, படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா. பாரம் குறைந்தால் பெரும்பாலும் மனமும் லேசாகும்.

பதற்றம் என்பது இன்னும் நடக்காத ஒன்றுக்காக உடம்பு இப்போதே ஓடத் தயாராவது. படபடப்பு, வியர்வை, மூச்சு முட்டுவது எல்லாம் அதனால்தான். அதற்காக நெஞ்சு வலியைப் பதற்றம் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

மனச்சோர்வு வேறு. பிடித்த எதிலும் பிடிப்பு இருக்காது. தூக்கம், பசி மாறும். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று தோன்றும். இது அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவாக இருந்தாலும் இதே போல இருக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுப்பார்கள்.

என்னைக் காப்பாற்றியது யார் தெரியுமா? நம் பி பிளாக்கில் இருக்கும் ஒரு நண்பர். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் வாக்கிங் வராததைக் கவனித்து, ஒருநாள் காலை காலிங் பெல் அடித்தார். "சார், பால் வாங்கப் போறேன், கூட வர்றீங்களா?" அவ்வளவுதான். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பத்தாவது நாள் பால் பூத் வாசலில் நானாகவே சொன்னேன், "சார், எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கலை."

அவர் "கோயிலுக்குப் போங்க", "உங்களுக்கென்ன குறை" என்றெல்லாம் சொல்லவில்லை. "சாகணும்னு தோணுதா சார்?" என்று நேராகக் கேட்டார். "ஆமாம்" என்றேன். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். விதைக்காது. எனக்குப் பெரிய மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. "ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இப்படித்தான் இருந்தேன். இன்னிக்கே டாக்டர்கிட்ட போவோம், நான் கூட வர்றேன்" என்றார். போனோம்.

மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆயின. நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்தார். கூடவே நானும் சிலவற்றைச் செய்தேன். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஒரே நேரத்துக்கு எழுந்தேன். காலை வெயிலில் இருபது நிமிடம் நடந்தேன். மதியத்துக்கு மேல் காபி இல்லை. படுக்கையறையில் போன் இல்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை, அது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தாலும் சரி, முடித்துவிடுவது.

ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் இருக்கிறார். அங்கே மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. 2006-ல் அவர் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்காரவைத்தார். கஷ்டப்படுபவர்கள் வந்து பேசுவார்கள். பாட்டிகள் காது கொடுத்துக் கேட்டு, ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்து, அடுத்த அடி என்ன என்று கூடவே யோசிப்பார்கள். அந்த ஊர் மொழியில் இந்த நோய்க்குப் பெயர் "அளவுக்கு மீறி யோசிப்பது". நம் வீட்டுப் பாட்டிகளும் "சும்மா யோசிச்சிக்கிட்டே இருக்கா" என்பார்களே, அதேதான். அந்தப் பெஞ்சில் பேசியவர்கள் ஆறு மாதத்தில் கணிசமாகத் தேறியதை 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது.

நம்மிடமும் பெஞ்சு இருக்கிறது. வேப்பமரத்தடியில், ஜெனரேட்டர் ரூம் பக்கம். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு நானும் பி பிளாக் நண்பரும் அங்கே இருப்போம். விதிகள் மூன்றுதான்: கேட்காமல் அறிவுரை கிடையாது, அங்கே கேட்டது வாட்ஸ்அப் குரூப்புக்கு வராது, எங்களால் முடியாததை முடியும் என்று சொல்ல மாட்டோம், டாக்டரிடம் கூட வருவோம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்காவது இருப்பதாகத் தெரிந்தால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. இரண்டையும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

செலவுக்குப் பயப்படுபவர்களுக்கு ஒரு தகவல். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல்நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப்பட வேண்டும். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் மாடியில் கொஞ்ச நாளாகக் கண்ணில் படாதவர் யார் என்று யோசியுங்கள். நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது அவர் வீட்டு பெல்லை அடியுங்கள். கதவு உடனே திறக்காவிட்டால், மறுநாளும் அடியுங்கள்.