பள்ளிக்கூடத்தில் சாதிக் கயிறு



பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பிள்ளைகளே கொடுமை செய்வதைக் "குழந்தைகளின் சேஷ்டை, தானே சரியாகிவிடும்" என்கிறார்கள் பெரியவர்கள். சரியாகிவிட்டதா என்று பார்ப்போம்.

திருநெல்வேலி ஜில்லா சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததை எதிர்த்து 1925-ல் பெருங்கிளர்ச்சி நடந்தது. 98 வருஷங்களுக்குப் பின், 2023 ஆகஸ்டில், அதே ஜில்லா நாங்குநேரியில், உடன் படிப்பவர்களின் கொடுமையைப் பள்ளியில் முறையிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனை அன்றிரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். இதுவும் சேஷ்டைதானா?

இந்த வித்தையை எந்த உபாத்தியாயர் கற்பித்தார்? வீட்டுத் திண்ணையில் நாம் பேசும் சாதிப் பெருமையல்லவா கற்பித்தது? பிறக்கும்போது எந்தப் பிள்ளையின் கையிலும் கயிறில்லை, கட்டிவிட்டது நாம்தான்!

பிறகு சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு குழு, சாதி காட்டும் வண்ணக் கயிறும் மோதிரமும் நெற்றித் திலகமும் பள்ளியில் கூடாதென்று 2024-ல் அறிக்கை தந்தது. உடனே "மதம் போச்சு" என்று கூச்சலிட்டார்கள். கயிற்றுக்காகப் பதறுகிறவர்கள் வெட்டுப்பட்ட பிள்ளைக்காகவும் பதற வேண்டாமா?

ஆனால் கயிற்றை அறுத்தால் மட்டும் போதாது. முறையிடும் பிள்ளையை, "நீ என்ன வம்பு செய்தாய்?" என்று கேட்கக்கூடாது. உபாத்தியாயர் அன்றே விசாரிக்க வேண்டும். கொடுமை செய்தவனின் பெற்றோரையும் அழைத்துக் கேட்க வேண்டும். முறையிட்டவனைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல், அவனுக்கு ஆபத்து வராதபடி பள்ளியும் போலீசும் ஊராரும் காவல் நிற்க வேண்டும். இல்லையேல் அடுத்த பிள்ளை வாயே திறக்காது.

ஆகவே தோழர்களே, முதலில் நம் வீட்டுப் பிள்ளையின் கையைப் பாருங்கள். கயிறிருந்தால் இன்றே அறுத்தெறியுங்கள்!