நோவும் நாடியும்

1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரிலே எவாட்ஸ் கிரகாம் என்னும் சத்திரவைத்தியர், புற்றுநோய் கண்ட ஒருவரின் இடது நுரையீரலை முழுவதாகவே அகற்றினார். நோயாளி பிழைத்தார். வைத்தியரோ 1957இல் நுரையீரற் புற்றுநோயினாலேயே மாண்டார். அந்நோயாளி அவருக்குப் பின்னும் வாழ்ந்திருந்தார்.

இத்தகைய சத்திரசிகிச்சையின் பின் இரண்டாம் மூன்றாம் நாளில், ஆபத்து நீங்கிற்று என்று உறவினர் ஆறுதலடையும் வேளையிலே, சிலருக்கு நாடி திடீரெனத் தாளந் தப்பி விரையும். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காது நடுங்குவதே காரணம். நடுக்கம் நீடித்தால் அங்கே குருதி உறைந்து மூளைக்குச் செல்லவுங்கூடும்.

நோவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? விலாவெலும்புகளுக்கிடையே பிளந்த காயம் ஒவ்வொரு மூச்சிலும் நோகும். நோவு மிகுந்தாற் பரிவு நரம்புகள் கிளர்ந்து இருதயத்தைத் தூண்டும். முண்ணாணைச் சூழ்ந்த உறைக்கு வெளியே மரப்பு மருந்து செலுத்தும் முறையை 1921இல் ஸ்பானிய இராணுவ வைத்தியர் பிடெல் பாஹெஸ் விளக்கினார். இன்று முதுகின் மார்புப் பகுதியில் மெல்லிய குழாயொன்றைப் பொருத்தி அம்மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவர். நோவு தணியும், இருதயத்துக்குச் செல்லும் பரிவு நரம்புகளும் அடங்கும். அபின்வகை மருந்தை மட்டும் அவ்வழியே செலுத்தினால் நோவு தணியுமேயன்றி அந்நரம்புகள் அவ்வாறு அடங்கா.

ஆயினும் ஆய்வுகள் யாவும் ஒரே விடை தரவில்லை. சிலவற்றில் நடுக்கங் குறைந்தது. சிலவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. குருதியமுக்கந் தாழ்வதும் உண்டு. எனினும், நோயாளி அஞ்சாது இருமிச் சளியை வெளியேற்றுகின்றாரே, அது சிறு பயனன்று.