கிளாம்பாக்கம்: கட்டிடம் முதல்ல, ரயில் அப்புறம்

இந்த வாரம் கிளாம்பாக்கம். "அதுல இன்னும் பேச என்ன இருக்கு, மீம் எல்லாம் போட்டு முடிச்சாச்சே"ன்னு நீங்க கேக்கலாம். பஸ் ஸ்டாண்டு தூரம்ங்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். ஆனா என்னைக் கேட்டா தூரம் ரெண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை வரிசை. எதை முதல்ல கட்டினோம், எதை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டோம்ங்கறது.

முதல்ல தகவல். கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம், 2023 டிசம்பர் 30-ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் திறந்து வச்சது. சுமார் 88 ஏக்கர். கட்டினது சிஎம்டிஏ. கோயம்பேடு 37 ஏக்கர்தான், அப்போ சைஸ் புரிஞ்சிருக்கும். திறந்த அடுத்த சில வாரத்துலயே விரைவுப் பேருந்து, ஆம்னி, மத்த அரசுப் பேருந்துன்னு தெற்கே போற வண்டிகளை ஒண்ணொண்ணா இங்க மாத்தினாங்க. ஆம்னி பஸ் விவகாரம் ஹைகோர்ட் வரைக்கும் போச்சு.

மாத்தினது தப்பா? இல்லைன்னுதான் நான் சொல்வேன். திருச்சி, மதுரை, நெல்லைன்னு போற அத்தனை பஸ்ஸும் ஊருக்கு நடுவுல இருந்து கிளம்பி, பைபாஸ் புடிச்சு, பெருங்களத்தூர் வந்து ஜிஎஸ்டி ரோட்டுல ஏறணும். பொங்கலுக்கு, தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி அந்த இடம் எப்படி இருக்கும்னு தாம்பரம் பக்கம் இருக்கறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கோயம்பேட்டுல 9 மணிக்கு ஏறினவர் 12 மணிக்கும் ஊரைத் தாண்டியிருக்க மாட்டார்.

இதுல ஒரு வேடிக்கை. நம்ம ஏரியாவுக்கு எப்பவோ ஒரு பஸ் ஸ்டாண்டு இருந்துச்சு. அதுக்குக் கட்டிடம் இல்ல, அவ்வளவுதான். பெருங்களத்தூர். சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், ஊரப்பாக்கம்னு இந்தப் பக்கம் இருக்கற யாரும் ஊருக்குப் போறதுக்காகக் கோயம்பேடு போனதே கிடையாது. பெருங்களத்தூர் ரோட்டோரத்துல பையோட நின்னு, "திருச்சி, திருச்சி"ன்னு கத்தற கண்டக்டரைப் பாத்து ஏறுவோம். பக்கத்துலயே ரயில்வே ஸ்டேஷன். டீக்கடை, பழக்கடை, வறுத்த கடலை, தண்ணி பாட்டில், எல்லாம் அங்கயே முளைச்சுது. மழை பேஞ்சா ஒதுங்க இடமில்ல, பெண்களுக்கு டாய்லெட் இல்ல, ராத்திரி ரோட்டுலதான் நிக்கணும். அதை நல்ல ஏற்பாடுன்னு நான் சொல்ல வரல. ஆனா ஜனங்க தானா அங்க சேர்ந்ததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு: ரயிலும் ரோடும் அங்க ஒட்டி இருந்துச்சு. பிளான் போடாமலே கிடைச்ச இன்டர்சேஞ்ச் அது.

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். 1931 மே மாசம் பீச்-தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சுது. மீட்டர் கேஜ். அப்போ தாம்பரம் ஒரு கிராமம் மாதிரிதான். சானடோரியம் இருந்துச்சு, 1928-ல டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காக ஆரம்பிச்சது. ஊரை விட்டுத் தள்ளி, நல்ல காத்து வேணும்னுதான் அங்க வந்தாங்க. மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் அப்போ பாரிமுனைப் பக்கம் இருந்துச்சு. இடம் பத்தாம தாம்பரத்துக்கு வந்தது 1937-ல. கவனிங்க, ரயில் 1931, காலேஜ் 1937. "இவ்வளவு தூரமா"ன்னு அன்னைக்கும் யாராவது கேட்டிருப்பாங்க. ஆனா அவங்களுக்கு ஏறி உட்கார ஒரு வண்டி இருந்துச்சு. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம்னு இன்னைக்கு நாம பாக்கற காலனிகள் அந்தத் தண்டவாளத்தைப் புடிச்சு வளர்ந்ததுதான். 2021 நவம்பர்ல அஞ்சு நகராட்சியும் அஞ்சு பேரூராட்சியும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆச்சு. அதுக்கு விதை போட்டது அந்த மீட்டர் கேஜ் லைன்.

அதே பாரிமுனையில இருந்து இன்னொண்ணும் கிளம்புச்சு: வெளியூர் பஸ் ஸ்டாண்டு. 2002 நவம்பர்ல கோயம்பேட்டுக்குப் போச்சு. பிராட்வேயிலயே ஏறி இறங்கிப் பழகினவங்களுக்குக் கோயம்பேடு அப்போ ஊருக்கு வெளியே. மெட்ரோ அங்க வந்தது 2015 ஜூன்ல. அதுவும் கோயம்பேடு-ஆலந்தூர் மட்டும். சென்ட்ரல் வரைக்கும் நேரா போக 2018 ஆயிடுச்சு. இன்னைக்கு நாம "கோயம்பேடு எவ்வளவு வசதியா இருந்துச்சு"ன்னு ஏங்கறோமே, அந்த வசதி வந்து சேர 15 வருஷத்துக்கு மேல ஆச்சு. வந்து அஞ்சாறு வருஷம்தான் நாம அனுபவிச்சோம். அப்புறம் பஸ்ஸைத் தூக்கிட்டாங்க.

எங்க வேலையில மைக்ரேஷன்னு ஒண்ணு உண்டு. பழைய சர்வர்ல இருந்து புதுசுக்கு மாத்தறது. புதுசுக்கு என்னென்ன டிபெண்டென்சி வேணுமோ அதெல்லாம் ஓடுதான்னு பாத்துட்டுத்தான் டிராஃபிக்கைத் திருப்புவோம். கொஞ்ச நாள் ரெண்டும் சேர்ந்து ஓடும். ஊரும் சாஃப்ட்வேரும் ஒண்ணு இல்ல, தெரியும். எல்லாத்தையும் ஐடி உதாரணத்துல அடைக்கறவங்களைப் பாத்தா எனக்கே கடுப்பாகும். ஆனாலும் இந்த ஒரு விஷயம் ரெண்டுக்கும் பொருந்துது.

பெங்களூர்ல இதே கதை வேற மாதிரி முடிஞ்சுது. 2014-ல பீன்யாவுல பசவேஸ்வரா பஸ் டெர்மினல் திறந்தாங்க. மெஜஸ்டிக் நெரிசலைக் குறைக்க, வடமேற்கு கர்நாடகா போற பஸ்ஸை அங்க மாத்தினாங்க. அந்தப் பக்கம் மெட்ரோ கூட ஓடிட்டு இருந்துச்சு. ஆனா அந்த லைன் மெஜஸ்டிக்கைத் தொட்டது 2017-லதான். பயணிகள் பீன்யா போகவே இல்ல. கொஞ்ச நாள்ல பஸ்ஸெல்லாம் மெஜஸ்டிக்குக்கே திரும்பிடுச்சு, பெரிய கட்டிடம் சும்மா கிடந்துச்சு. அங்க ஜனங்களுக்கு "வேண்டாம்"னு சொல்ல வழி இருந்துச்சு. இங்க இல்ல. அதனால கிளாம்பாக்கம் காலியா கிடக்கல. ஆனா கூட்டத்தை மட்டும் பாத்து ஜெயிச்சுட்டோம்னு கணக்கு எழுதக்கூடாது. வேற வழி இல்லாம வந்த கூட்டமும் அதுல இருக்கு.

யாருக்கு என்ன ஆச்சுன்னு பாக்கலாம். சேலையூர்ல இருக்கற எனக்கு லாபம், மறைக்க ஒண்ணும் இல்ல. சுத்தமான டாய்லெட், உட்கார இடம், வெளிச்சம். என் அம்மா ஊர்ல இருந்து தனியா வந்து இறங்கினா பயமில்ல. திருவொற்றியூர்ல இருக்கறவரை யோசிங்க. பஸ் அதிகாலை 4 மணிக்கு இறக்கி விடுது. அவர் வீட்டுப் பக்கம் வரைக்கும் ஒரே மெட்ரோ இருக்கு, ஆனா அது ஏர்போர்ட்ல இருந்து, 5 மணிக்கு மேல. ஏர்போர்ட் போக மாநகரப் பேருந்து. இல்லன்னா பஸ் புடிச்சு தாம்பரம், அங்க இருந்து பீச், மறுபடியும் வண்டி மாறணும். ரெண்டு பையும் ஒரு குழந்தையும் கூட இருந்தா ஆட்டோதான். ஊர்ல இருந்து வந்த டிக்கெட்டை விட ஆட்டோ ஜாஸ்திங்கறது ஜோக் மாதிரி சுத்துது. வடசென்னைக்காரருக்கு அது ஜோக் இல்ல.

எனக்கு இதை விட உறுத்தறது வேற ஒருத்தர். விழுப்புரத்துல இருந்து ஜிஹெச்சுக்கு ஃபைலோட வர்றவர். கோயம்பேட்டுல இறங்கின காலத்துல மெட்ரோ ஏறினா சென்ட்ரல், எதிர்த்தாப்புல ஆஸ்பத்திரி. ஓபி சீட்டு வாங்கற வரிசைக்குக் காலையிலயே போகணும். இப்போ அவருக்கு ஒரு மணி நேரமாவது கூடுது. அவர் ட்வீட் போட மாட்டார். சென்னை வோட்டரும் கிடையாது. எந்தக் கவுன்சிலர்கிட்ட போய் அவர் புகார் சொல்வார்?

சரி, ரயில்? ஜிஎஸ்டி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தண்டவாளம். வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவுல. முனையம் திறந்த அன்னைக்கு அங்க ஸ்டேஷன் இல்ல. மாநில அரசு பணம் கொடுத்து, ரயில்வே வேலையை ஆரம்பிச்சது 2024-ல. ஸ்டேஷனையும் முனையத்தையும் சேர்க்கற நடைமேம்பாலம் தனி வேலை, சுமார் 400 மீட்டர், ரோட்டுக்கு மேல. நான் இதைப் பேசற 2025 ஜூலை வரைக்கும் ரெண்டும் முடியல. ஏப்ரல் 19-ஆம் தேதி பீச்-செங்கல்பட்டு ஏசி புறநகர் ரயில் விட்டாங்க இல்ல? அதுவும் கிளாம்பாக்கத்தைத் தாண்டித்தான் போகுது. நிக்க இடமில்ல.

ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ வந்தது 2016 செப்டம்பர்ல. அங்க இருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் வழியா கிளாம்பாக்கம், 15.46 கிலோமீட்டர், 13 ஸ்டேஷன். இந்த மார்ச் பட்ஜெட்ல சொன்ன மதிப்பு 9,335 கோடி ரூபாய். இன்னைக்கே மண் தோண்ட ஆரம்பிச்சாலும் எத்தனை வருஷம் ஆகும்னு, மெட்ரோ வேலை நடக்கற ரோட்டுல வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும்.

இதுக்கு நடுவுல ஏரியா மாறிட்டே இருக்கு, யாருக்காகவும் காத்திருக்கல. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில வீட்டு விளம்பரம் எதை எடுத்தாலும் "கிளாம்பாக்கம் அருகில்"தான். வராத மெட்ரோவுக்கும் சேர்த்து வாடகை கேக்கறாங்க. பெருங்களத்தூர்ல எனக்குப் பழக்கமான ஒரு டீக்கடை அண்ணன், "நம்ம ராத்திரி வியாபாரம் பஸ் ஏறி போயிடுச்சு தம்பி"ன்னார். முனையத்துக்குள்ள கடை எடுக்கலாமேன்னு கேட்டேன். சிரிச்சுட்டு கிளாஸைக் கழுவப் போயிட்டார்.

இதெல்லாம் முடிஞ்சு போன கதைன்னா இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். அடுத்தது குத்தம்பாக்கம். பெங்களூர் ரோட்டுல, மேற்கே போற பஸ்களுக்கு. முனையத்தைக் கட்டி கிட்டத்தட்ட முடிச்சுட்டாங்க. ரெண்டாம் கட்ட மெட்ரோ பூந்தமல்லியோட முடியுது, குத்தம்பாக்கம் அதையும் தாண்டி. வேலூர், கிருஷ்ணகிரி பஸ் எல்லாம் அங்க போற அன்னைக்கு, பூந்தமல்லி மெட்ரோ வாசல்ல இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடுமா, அதிகாலை 4 மணிக்கும் ஓடுமா? இதைத் திறப்பு விழாவுக்கு முன்னாடி கேக்கணும். திருவேற்காடு, ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருந்து கேக்கறவங்க, அங்க இப்போ என்ன பஸ் ஓடுது, கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு எங்களுக்கு எழுதுங்க. அதை வச்சே அடுத்த எபிசோட் பண்றோம்.