எஸ்.பி.எம். முடிந்த பிறகு என்ன?

(பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை)



பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. ஆனால் பரிசு வாங்காத பிள்ளைகளின் பெற்றோரிடம்தான் எனக்குப் பேச்சு. "நம்ம பையனுக்குப் படிப்பு சுமார்தான், எஸ்.பி.எம். முடிச்சதும் பேக்டரிக்குப் போகட்டும்" என்று சொல்லிவிடுகிறோம். பதினேழு வயதில் சம்பளத்தைக் கையில் பார்த்த பிள்ளை மறுபடி வகுப்பில் உட்காருமா? கஷ்டம்தான்.

2001ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் சமுதாயக் கல்லூரிகளை நடத்தி வருகிறது. மலாயில் கோலேஜ் கொமுனிட்டி என்பார்கள். நம் கெடாவில் சுங்கைப் பட்டாணி, கூலிம், பண்டார் டாருலாமான், லங்காவி ஆகிய இடங்களில் உண்டு. சான்றிதழ் வகுப்புக்கு எஸ்.பி.எம்.மில் மலாயும் சரித்திரமும் தேறியிருப்பது முக்கியம். பாடத்துக்குப் பாடம் வேறு நிபந்தனைகளும் இருக்கலாம். எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பாடமும் கிடையாது. கம்ப்யூட்டர் பாடம் எங்கே என்று விசாரித்த பிறகே எழுதிப் போடுங்கள்.

கம்ப்யூட்டர் படிப்பென்றால் டைப் அடிப்பது என்று நினைக்கிறோம். பால் நிறுவையில் கிராணி என்ன செய்கிறார்? பாலை நிறுக்கிறார். மெட்ரோலாக் கருவியை விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்க்கிறார். 30 கிலோ பாலில் நூற்றுக்கு 30 பங்கு ரப்பர் என்றால் 9 கிலோ. அதை உங்கள் பெயருக்கு நேரே எழுதுகிறார். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு அதை வைத்துத்தான். இந்த வேலையைப் படிப்படியாக, வரிசை மாறாமல், இயந்திரத்துக்கு எழுதிக் கொடுப்பதுதான் மென்பொருள். மழையில் வெட்டு இல்லாத நாளுக்கு என்ன கணக்கு? பாலில் தண்ணீர் சேர்ந்திருந்தால்? தோட்டத்தில் இரண்டு முனியம்மா இருந்தால்? எல்லாவற்றையும் முன்னமே யோசித்து எழுத வேண்டும். ஒன்றை மறந்தால் யாரோ ஒரு அம்மாவுக்குச் சம்பளம் குறையும். ஆகவே இதற்கு விரல் வேகத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். கொஞ்சம் கணக்கும் ஆங்கிலமும் வேண்டும்.

முடித்தவுடன் பெரிய நாற்காலி கிடைக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அலுவலகக் கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பது, நெட்வொர்க் இணைப்பது, பிறர் எழுதிய மென்பொருளைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிப்பது, ஆரம்பம் இப்படித்தான். 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க்கிலும், பினாங்கு பாயான் லெப்பாஸிலும் மெஷின்களை ஓட்டுவதே கம்ப்யூட்டர்தான். அங்கே மெஷின் முன்னால் நிற்பவர் ஒருவர், அதற்கு உத்தரவு எழுதுகிறவர் ஒருவர். எழுதுகிறவராக வேண்டுமானால் சான்றிதழோடு நின்றுவிடக் கூடாது. ஜித்ராவிலும் கூலிமிலும் பாலிடெக்னிக் இருக்கிறது. தகுந்த மதிப்பெண் எடுத்தால் டிப்ளமாவுக்கு விண்ணப்பிக்கலாம், அதன் பிறகு பட்டத்துக்கும் வழி உண்டு.

வழவழப்பான படம் போட்ட தாளோடு வீடு தேடி வரும் தனியார் கல்லூரித் தரகர்களிடம் மட்டும் ஜாக்கிரதை. அந்தப் பாடத்துக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் கடன் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கல்லூரியை மூடிவிட்டாலும் கடன் மூடாது.

பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். அதே பிள்ளையை இரவு ஷிப்டுக்குப் பேக்டரி பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறோமே அம்மா!

விண்ணப்பம் யூ.பி.யூ. வழியாக, இணையத்தில். வீட்டில் வசதி இல்லையென்றால் ரிசல்ட் தாளையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு படிவம் ஐந்து ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். கடைசித் தேதியை அன்றைக்கே கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள்.