பைபாஸ் செய்து வந்தவரின் கால்

(பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



பைபாஸ் ஒப்பரேஷன் செய்துகொண்டு ஒருவர் லயத்துக்கு வந்தால் எல்லாரும் நெஞ்சுத் தையலைத்தான் பார்க்கிறோம். காலை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நான் போய் வந்த வீடுகளில் கூடுதலாகக் கரைச்சல் கொடுத்தது கால் புண்தான்.

"நெஞ்சு வருத்தத்துக்குக் காலை ஏன் ஐயா வெட்டினாங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பீலிக்கு வரும் குழாய் அடைத்துக்கொண்டால் பக்கத்தால் வேறு குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கிறோம் இல்லையா? இருதயத்தில் செய்வதும் அதுதான். கணுக்காலிலிருந்து தொடை வரை உட்பக்கமாக ஓடும் நீளமான இரத்தக் குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி வைத்துத் தைக்கிறார்கள். 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரில் இந்த முறையை நிலைநாட்டியவர் டாக்டர் ரெனே ஃபவலோரோ. ஆர்ஜென்டினா நாட்டுக்காரர். அதற்கு முன்பு 12 வருடம் நாட்டுப்புறக் கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர். நம்மைப் போன்ற சனங்களைத் தெரிந்த மனிதர்.

குழாயை எடுத்ததால் கால் கெட்டுப் போகாது. உள்ளே ஆழத்தில் இருக்கும் மற்றக் குழாய்கள் அந்த வேலையைப் பார்க்கும். ஆனால் சில கிழமைக்குக் கால் வீங்கும். வீங்கினால் தையல் இழுபடும்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சீனி வருத்தக்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது புண் நல்லாத்தான் இருந்தது. பகல் முழுக்க வாசல் வாங்கில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். கால் வீங்கித் தண்ணீர் கசிந்தது. வீட்டார் கோப்பித்தூள் அப்பிக் கட்டினார்கள். முட்டையும் மீனும் சீழ் வைக்கும் என்று வெறும் ரொட்டியும் சாயத் தண்ணியும் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல், நாற்றம், புண் வாய் பிளந்துவிட்டது. திரும்ப ஒரு மாதம் வார்ட்டில் கிடந்தார். நான் முதல் கிழமையே போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை.

உட்காரும்போது காலைக் கதிரையில் தூக்கி வையுங்கள். கால் மேல் கால் போட வேண்டாம். நாளைக்கு நாலைந்து தடவை வாசலில் மெதுவாக நடக்க வேண்டும். புண்ணைத் தொடும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், புகையிலை, எண்ணெய் எதுவும் கிட்டப் போகக் கூடாது. புண் ஆறத்தான் பருப்பு, முட்டை, நெத்தலி வேண்டும். சீனி மருந்தை விடக் கூடாது. பீடி, சுருட்டு அறவே கூடாது; புகை இரத்தக் குழாயைச் சுருக்கும்.

கணுக்காலின் உட்பக்கம் மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கலாம். குழாயோடு ஒட்டி ஓடும் உணர்ச்சி நரம்பு பட்டுவிடுவதால் அப்படி. பயப்பட வேண்டாம், ஆனால் கவனம். குளிருக்கு அடுப்போரம் கால் நீட்டினால் சுடுவது தெரியாது. அட்டை கடிப்பது நமக்கே தெரியாது, அவருக்கு எப்படித் தெரியும்? அதோடு அஸ்பிரின் குடிப்பவருக்கு அட்டைக்கடி இரத்தம் லேசில் நிற்காது.

நெஞ்செலும்பு பொருந்த இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கொழுந்துக் கூடை, விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. "பேர் போகுதே" என்று மலைக்கு ஓடாதீர்கள். டாக்டர் கொடுத்த துண்டைக் கொண்டு வாருங்கள், துரையிடம் நான் பேசுகிறேன்.

புண் சிவந்து சுட்டாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே தோட்ட டிஸ்பென்சரிக்கு வாருங்கள். அங்கே முடியாவிட்டால் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரி, அல்லது நுவரெலியா ஆஸ்பத்திரி. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று இருக்க வேண்டாம். என் கதவைத் தட்டுங்கள், வாகனம் கேட்டுத் தருகிறேன்.