நுண்ணுயிரின் யாப்பு



நூலின் பத்து அழகுகளை எண்ணப் புகுந்த நன்னூலார், சுருக்கத்தை முதலிலும் தெளிவை அதனையடுத்தும் வைத்தார். சுருக்குதல் எளிது, சுருக்கிய பின்னும் விளங்கச் செய்தல் அரிது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் ஓர் உயிர் மனிதக் குடலிலேயே வாழ்கிறது. ஈ. கோலை என்னும் பாக்டீரியா அது.

அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதனுள் அடங்கிய டி.என்.ஏ. இழையை நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டும். 1997இல் முழுமையாகப் படித்தறியப்பட்ட அவ்விழையில் 46 இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்து இணைகள் உள்ளன. மனித உயிரணுவில் இருப்பதுபோல் உட்கரு என்னும் தனியறையும் இதற்கில்லை. எனினும் இழை சிக்குவதில்லை. வேண்டிய வரி வேண்டிய பொழுதில் படிக்கப்படுகிறது.

இழையின் முறுக்கும் உயிரணுவின் நெருக்கமும் ஓரளவு சுருக்கம் தருகின்றன. அதனை ஒழுங்குபடுத்துவன புரதங்கள். 1975இல் பிரெஞ்சு அறிஞர்கள் ரூவியே-யானிவ், குரோ இருவரும் விவரித்த எச்.யூ. என்னும் சிறு புரதம் இழையை ஆங்காங்கே வளைக்கிறது. ஐ.எச்.எஃப். என்பதோ, வந்த வழியே திரும்புமளவுக்கு மடக்கிவிடுகிறது. 1996இல் வெளியான அதன் படிக அமைப்பு இதனைக் கண்கூடாக்கியது. வளர்ச்சி விரையும் காலத்தில் ஃபிஸ் என்னும் புரதம் மிகுகிறது. உணவற்ற காலத்தில் அது குறைய, டி.பி.எஸ். பெருகி இழையை இறுகப் பொதிந்து கேட்டினின்று காக்கிறது. காலத்திற்கேற்பக் கட்டும் மாறுகிறது.

இவற்றுள் எச்-என்.எஸ். என்னும் புரதம் கவிஞர்களின் தனிக் கவனத்திற்குரியது. இழையின் இரு பகுதிகளைப் பாலம்போல் இணைத்து, இடைப்பட்ட மரபணுக்களை அது வாய்மூடச் செய்கிறது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த மரபணுக்களையே அது பெரிதும் அடக்குகிறது என்பதை, 2006இல் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமியில் நடந்த ஆய்வுகள் காட்டின. அப்புரதம் இல்லையேல் அந்நிய மரபணுக்கள் காலமல்லாக் காலத்தில் எழுகின்றன. கிருமியின் வளர்ச்சியே குன்றுகிறது. ஆயின், மனித உடலுட் புகுந்ததும் வேறு புரதங்கள் வந்து அக்கட்டை விலக்குகின்றன. அடங்கியிருந்தவை பேசத் தொடங்குகின்றன, நோய் பிறக்கிறது. கட்டு எங்கே, எப்போது நெகிழ்கிறது என்பதை அறிவது நோயை வெல்லும் முயற்சியின் ஒரு பகுதி.

யாப்பு என்னும் சொல்லுக்குக் கட்டுதல் என்பதே பொருள். சொல்லை உரிய இடத்தில் நிறுத்தி, உரிய பொழுதில் ஒலிக்கச் செய்யும் கட்டே நல்ல கட்டு. அளவு பிசகாமல் இறுக்கவும் நெகிழ்க்கவும் அறிந்த கவிஞனுக்கு, கண்ணுக்குப் புலனாகாத இந்நுண்ணுயிர் அயலானதன்று.