இருட்டறையில் நாங்கள் கற்றது

(நூற்றாண்டு விழாப் புகைப்படக் கண்காட்சியில், 1994 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பினர் சார்பில் ஆற்றிய உரை)



கைத்தொலைபேசியில் படம் எடுக்கிற காலத்தில், இந்த வயதில், பிலிம் கழுவ ஏன் பழகினீர்கள் என்று சிலர் கேட்டார்கள். காரணம் ஒரு பிஸ்கற் ரின்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது, எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் படம் எடுக்கும் ஸ்ரூடியோக்காரர் அந்த ரின்னைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். எங்கள் வீட்டு அல்பங்கள் மிஞ்சவில்லை. அவருடைய நெகற்றிவ்கள் மிஞ்சின. அவர் காலமானபின் மகன் ரின்னைக் கொண்டுவந்து தந்தார். 1994 விளையாட்டுப் போட்டிப் படம் ஒன்றில் எங்கள் தோழி நிற்கிறாள். பெயர் சொல்லவில்லை, எங்கள் வகுப்புக்குத் தெரியும். போரில் இறந்தவள். அவளுடைய அம்மாவிடம் மகளின் படம் ஒன்றுகூட இல்லை.

கணினி அறைத் தங்கைமார் ஒரு மணித்தியாலத்தில் ஸ்கான் செய்து பெரிதாக அச்சிட்டுத் தந்தார்கள். நெகற்றிவ் முழுக்கப் புள்ளிகள், எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு காய்ந்தவை. ஸ்கானரின் தூசி நீக்கும் வசதி கறுப்பு வெள்ளைப் பிலிமுக்குச் சரிவராது. பிலிமில் உள்ள வெள்ளியையே தூசியென்று எண்ணிவிடும். ஆகவே பிள்ளைகள் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கையால் அழித்தார்கள். முகம் பளிங்குபோல வந்தது. ஆனால் அது அவளாகத் தெரியவில்லை. ஏனென்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகுதான் இருட்டறை. பழைய இரசாயன ஆய்வுகூடக் களஞ்சிய அறைக்குக் கறுப்புத் துணி அடித்தோம். படத்தைப் பெருப்பிக்கும் கருவியை ஸ்ரூடியோக்காரரின் மகன் தந்தார். முதலில் புதுப் பிலிமில் பழகினோம். டெவலப்பர் 20 பாகையில் இருக்கவேண்டும் என்றது புத்தகம். எங்கள் தண்ணீர் 28. ஐஸ் நிறைத்த பேசினுக்குள் போத்தலை வைத்தோம். முதல் ரோலில் எங்களில் ஒருத்தி பிக்ஸரை முந்தி ஊற்றிவிட்டாள். 36 படமும் வெறும் கண்ணாடியாய்ப் போயின. (யாரென்று கேட்காதீர்கள், இன்று மேடையில்தான் இருக்கிறாள்.) கடைசிக் கழுவலுக்கு வாகன பற்றறிக்கு விடும் தண்ணீர் வாங்கினோம்; அதில் சுண்ணாம்பு இல்லை.

பழகியபின் அவளுடைய நெகற்றிவைக் கருவியில் வைத்தோம். சிவப்பு லைற்றின் கீழ், தட்டில் கிடந்த தாளில் முதலில் தலைமயிர் வந்தது, பிறகு கண். நாடியில் ஒரு வெள்ளைக் கோடு அப்படியே நின்றது. அது சுண்ணாம்பு அல்ல. வலைப்பந்துக் கம்பத்தில் அடிபட்டு மூன்று தையல் போட்ட தழும்பு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே நாங்கள்தான்.

பிள்ளைகளில் பிழையில்லை. அவளைத் தெரியாத பிள்ளைகள் அவர்கள். நாங்கள் பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். இரண்டாம் முறை இருந்தோம். எது சுண்ணாம்பு, எது அவள் என்று காட்டினோம். புதிய டிஜிற்றல் பிரதி கனடாவிலும் பிரான்சிலும் உள்ள சகோதரங்களுக்கு அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. இருட்டறையால் அது முடியாது. கையால் அச்சிட்டதை அம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் நாடியைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்.

ரின்னில் இன்னும் நிறைய நெகற்றிவ்கள் கிடக்கின்றன. சனிக்கிழமைகளில் இருட்டறை திறந்திருக்கும். பழைய மாணவிகள் முகம் சொல்ல வாருங்கள். தங்கைமார் அச்சிடப் பழக வாருங்கள். உங்களிடம் நெகற்றிவ் இருந்தால் துடைக்காமல் கொண்டுவாருங்கள். பற்றறித் தண்ணீர் விலை ஏறிவிட்டது. மாரி தொடங்கியதும் ஆளுக்கொரு போத்தல் மழைத்தண்ணீர் பிடித்து, வடித்துக் கொண்டுவந்தால் உதவியாயிருக்கும்.